கொடியில் பதினாலு பை

எட்டாவது விஷயத்துக்கு வந்துவிட்டார்கள். வரும் என்று அருமைநாயகத்துக்குத் தெரியும். காலையில் மதுரை பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தபோதே தெரியும், போன வாரம் நிகழ்ச்சி நிரல் தபாலில் வந்தபோதே தெரியும், ஆனாலும் ஹமீதா பானு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு "அடுத்தது உண்ணிக்கொக்கு" என்று சொன்னதும் புதிதாகக் கேட்கிற மாதிரி இருந்தது. வெளியே ஆள் அசையவில்லை. அறுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர், இந்தப் பறவைப் பட்டியல் குழுவிலேயே மூத்தவர், முன்னால் தட்டில் பாதி கடித்த சமோசா, பார்க்கிறவர்கள் ஒரு குறை சொல்ல முடியாது. கல்லூரிக் கருத்தரங்க அறையில் மூன்று மின்விசிறி, நடுவில் இருப்பது மட்டும் ஒரு சுற்றுக்கு ஒரு டக். அவர் அந்த டக்கை எண்ண ஆரம்பித்தார். பதினாலு வரைக்கும் போய்ப் பதினாலில் நின்றுவிட்டார். சனியன் பிடித்த எண், பஸ் டிக்கெட்டிலும் வருகிறது, மாத்திரை அட்டையிலும் வருகிறது, இங்கே மின்விசிறிக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது. ஹமீதா நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம்தான், ஆனால் குழுவின் செயலாளர் அவள்தான், வேலை முழுக்கச் செய்வதும் அவள்தான். "இதுவரைக்கும் உண்ணிக்கொக்குக்கு மட்டும் தனிப் பேரினம் சார், புபுல்கஸ். மாட்டுக்காரன்னு அர்த்தம். இப்ப உலகப் பட்டியல்ல அதை ஆர்டியாவுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. சாம்பல் நாரை, செந்நாரை, பெரிய வெள்ளைக்கொக்கு, நடுத்தரக் கொக்கு எல்லாம் இருக்கிற அதே பேரினம். நம்ம ரெண்டாம் பதிப்புல நாமளும் மாத்துறதா, வேண்டாமான்னு இன்னைக்கு முடிவு எடுக்கணும்." மாட்டுக்காரன் என்றதும் இரண்டு பேர் சிரித்தார்கள். அருமைநாயகமும் சிரித்து வைத்தார், சிரிக்காமல் இருந்தால் யாராவது கவனிப்பார்கள்.

வரதனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வரதன் புகைப்படக்காரர், முப்பது வருஷமாகக் கண்மாய் கண்மாயாக அலைந்தவர், பெயர் மாற்றம் என்றாலே தன் பெயரை மாற்றச் சொன்ன மாதிரி எடுத்துக்கொள்வார். "அது எப்படிங்க? மாடு எங்கேயோ அது அங்கே. சேத்துல ஒத்தக் கால்ல மணிக்கணக்கா நிக்கிற நாரையும், எருமை முதுகுல உக்காந்து உண்ணி பொறுக்குறதும் ஒரே வீடா? பெரிய வெள்ளைக்கொக்கு ஏற்கெனவே மூணு வீடு மாறியாச்சு. வாடகைக்குக் குடியிருக்கிறவன்கூட அத்தனை தரம் சாமான் தூக்க மாட்டான்." குழுத் தலைவர் துரைசிங்கம், வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கடிகாரத்தை உள்மணிக்கட்டில் கட்டியிருப்பவர், அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெளித்தோற்றத்தை வச்சுச் சொல்லாதீங்க வரதன், ரத்தம் என்ன சொல்லுதுன்னு பாருங்க" என்றார். ரத்தம் என்ன சொல்லுது. ரத்தம் ஒன்றும் சொல்லாது ஐயா, மேலே எழுதி ஒட்டிய சீட்டுதான் சொல்லும். சீட்டு என்ன சொல்கிறதோ அதைத்தான் ரத்தமும் சொல்லும். இதை அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டாரோ என்று ஒரு கணம் திக்கென்றது. இல்லை, யாரும் திரும்பவில்லை. சமோசாவை எடுத்து இன்னொரு கடி கடித்தார், உருளைக்கிழங்கில் மீன் வாடை அடித்தது. உருளைக்கிழங்கில் எங்கே மீன் வாடை வரும். கொக்குக் கூடுகள் அடர்ந்த மரத்தடியில் நின்றவனுக்குத் தெரியும், அந்த வாடை ஒரு தரம் மூக்கில் ஏறிவிட்டால் அப்புறம் எதிலும் வரும். அரைத்து விழுங்கிய மீன், எச்சம், மழையில் ஊறிய கருவேலம்பட்டை, எல்லாம் சேர்ந்த வாடை. கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், கைக்குட்டையிலும் அதே வாடை.

ஆலடிக் கண்மாய். தண்ணீர் முட்டுக்கு மேல் நிற்கும், தண்ணீருக்குள்ளேயே கருவேல மரங்கள், மரத்துக்கு இருபது முப்பது கூடு. ஒரே கிளையில் மேலே நடுத்தரக் கொக்கு, கீழே உண்ணிக்கொக்கு, பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி நாளெல்லாம் சண்டை. பெரியதுகளைப் பிரித்துச் சொல்லிவிடலாம், கூடு கட்டும் காலத்தில் உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் மஞ்சள் பூசினாற்போல இருக்கும், மற்றது சுத்த வெள்ளை. குஞ்சில் எல்லாம் ஒன்றுதான். வெள்ளைப் பஞ்சு, கொஞ்சம் அலகு, நிறைய வாய். அவ்வளவுதான் வித்தியாசம், அவ்வளவும் வித்தியாசமே இல்லை. அதனால்தான் மங்கையர்க்கரசி கிளிப் முறையைக் கண்டுபிடித்தாள். அவருடைய துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பெண், அப்போது இருபத்தேழு வயது, அருப்புக்கோட்டைப் பக்கம். அவருக்கு உயரம் என்றால் தலை சுற்றும், அதனால் ஏணியில் ஏறுவது அவள், கீழே நிற்பது அவர். அவள் கூட்டில் இருந்து குஞ்சை எடுப்பாள், காடாத்துணிச் சுருக்குப்பையில் போடுவாள், பையின் வாயில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டுவாள், கயிற்றில் இறக்குவாள். உண்ணிக்கொக்குக் கூடென்றால் நீலக் கிளிப், நடுத்தரக் கொக்கு என்றால் ரோஸ் கிளிப். கிளிப்பின் மேல் நகப்பூச்சால் கூட்டின் எண். நகத்துக்கு ஒரு நாளும் பூசாதவள், இதற்கென்று கடையில் போய்ச் சிவப்பு நகப்பூச்சு வாங்கினாளாம், கடைக்காரப் பெண் விரலைப் பார்த்துச் சிரித்தாளாம், வந்து சொன்னாள். அவர் கீழே பையை வாங்கி இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய கொடியில் வரிசையாக மாட்டுவார். பிறகு அவள் இறங்கி வந்து ஒவ்வொரு குஞ்சுக்கும் சிறகடி நரம்பில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம் காகிதத்தில், கிளிப்பைப் பார்த்து லேபிளில் பெயரும் எண்ணும், ரத்தம் எடுத்ததற்கு அடையாளமாகக் காலில் ஒரு நகப்பூச்சுப் பொட்டு. பிறகு கிளிப்பைப் பார்த்து அதே கூட்டில் திரும்ப வைப்பாள். எல்லாவற்றுக்கும் கிளிப்தான். கிளிப் போனால் பைக்குள் இருப்பது என்ன ஜாதி என்று சொல்ல அதன் தாய்க்குத்தான் முடியும், தாய் மேலே கத்திக்கொண்டுதான் இருந்தது, கொக்கு கத்தினால் யாருக்குப் புரியும்.

அன்றைக்கு ஏழு நீலம், ஏழு ரோஸ். தை மாதத்தில் மழை வரும் என்று யார் நினைத்தார்கள். அவள் கடைசி மரத்தில், ஏணி உச்சியில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டை அளந்துகொண்டிருந்தாள். கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய நோட்டு, மூன்று மாதக் கணக்கு, ஒரே பிரதி. மழை சடசடவென்று இறங்கியது, அவர் தார்ப்பாய்த் துண்டை எடுத்து நோட்டின் மேல் போட்டார், காற்று தூக்கிக்கொண்டு போயிற்று, திரும்பப் போட்டார், திரும்பத் தூக்கியது. கல் வைக்கலாம் என்றால் சேற்றில் கல் ஏது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கொடியைப் பார்த்தார். பதினாலு கிளிப். பையில்தான் சுருக்குக் கயிறு இருக்கிறதே, குஞ்சு எங்கே போய்விடும், வரிசை எனக்குத் தெரியாதா, இடமிருந்து வலம் நீலம் நீலம் ரோஸ் நீலம். கிளிப்புகளை உருவித் தார்ப்பாயை நாற்காலியோடு சேர்த்து மாட்டினார். நோட்டு தப்பித்தது. அந்த நேரத்தில்தான் கொடியின் ஒரு முனை அவிழ்ந்தது, அல்லது அவர் கை பட்டு அவிழ்ந்தது, பைகள் எல்லாம் சரிந்து நடுவில் வந்து ஒன்றாகக் குவிந்தன, தண்ணீரில் முங்கிவிடுமே என்று அள்ளி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கரைக்கு ஓடினார். மார்புக்குள் பதினாலு துடிப்பு. இப்போதும் இந்தச் சட்டைக்குள், இந்த மின்விசிறிக்குக் கீழே, துடிக்கிறது. டாக்டர் ரத்த அழுத்தம் என்கிறார். மாத்திரை கொடுத்திருக்கிறார். அவரிடம் போய் இது கொக்குக் குஞ்சு என்றா சொல்ல முடியும்.

மழை பத்து நிமிஷத்தில் நின்றுவிட்டது, அதுதான் அக்கிரமம். பத்து நிமிஷத்தில் நிற்கிற மழைக்கு ஏன் அந்த ஆட்டம். அவர் ஒவ்வொரு பையாக உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார். கனமாக இருந்தால் ரோஸ், லேசாக இருந்தால் நீலம், ஏனென்றால் நடுத்தரக் கொக்கு பெரிய பறவை. எம்.எஸ்.சி. படித்த மூளை அப்படித்தான் சொல்லிற்று. ஐந்து நாள் நடுத்தரக் கொக்கும் பத்து நாள் உண்ணிக்கொக்கும் கையில் ஒரே கனம்தான் இருக்கும் என்று அதே மூளை உடனே சொன்னது, அதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மங்கை நனைந்து நடுங்கிக்கொண்டு இறங்கி வந்தபோது கொடி கட்டியிருந்தது, பதினாலு பை தொங்கியது, பதினாலு கிளிப் மாட்டியிருந்தது. "எல்லாம் சரியா இருக்கா சார்?" என்று கேட்டாள். "இருக்கும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். ஒரு கிளாஸ் தண்ணி குடிக்கிற நேரம் ஆகியிருக்குமா அதைச் சொல்ல. மங்கை கிளிப்பு அவுந்துபோச்சு, இன்னைக்கு எடுத்த கணக்கு எல்லாம் வேண்டாம், விட்டுடுவோம் என்று சொல்லியிருந்தால் அவள் முகம் கொஞ்சம் வாடியிருக்கும், ஒரு டீ குடித்திருப்பார்கள், அடுத்த மாதம் வேறு கண்மாயில் எடுத்திருப்பார்கள். சொல்லவில்லை. கிளிப்பைப் பிடுங்கி நோட்டை மூடினேன் என்று சொல்ல வெட்கம். தன் நோட்டு. வேறு ஒன்றுமில்லை, வெட்கம்தான். அதிலிருந்து அவர் வீட்டில் கொடியில் இருந்து துணி எடுக்க மாட்டார். மழையே வந்தாலும் திண்டாடிக்கொண்டு உள்ளேயே நிற்பார். மனைவி ரோஸ்லின் ஓடி வந்து அள்ளிக்கொண்டே, "இதுக்கும் ஆம்பளைக் கௌரவமா?" என்பாள். ஆமாம் என்று வைத்துக்கொள்ளட்டும். கிளிப்பை அமுக்கினால் வருகிற அந்தக் கிறீச் என்ற சின்னச் சத்தத்தைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது.

"சார், நீங்க என்ன நினைக்கிறீங்க?" துரைசிங்கம் அவரைப் பார்த்துக் கேட்டார். அறை முழுக்க அவரைப் பார்த்தது. "மாத்திடலாம்" என்றார் அருமைநாயகம். குரல் நன்றாகவே வந்தது, வகுப்பெடுத்த குரல். "ஆர்டியாவுக்குள்ள போறதுதான் சரி. காலையும் அலகையும் வச்சு நாம போட்ட பிரிவு அது. பழக்கம் வேறயா இருக்கலாம், பரம்பரை ஒண்ணு." வரதன் கையை விரித்தார். "பெரியவங்க நீங்களே சொன்னா நான் என்ன பண்றது. போட்டுக்குங்க. நான் எடுத்த போட்டோவுக்கு அடியில மட்டும் பழைய பேரும் போடணும்." ஹமீதா குறித்துக்கொண்டாள். முடிந்தது என்று அவர் மூச்சை விட்டார், விட்ட மூச்சு முழுசாக வெளியே வரும் முன்பே அவள் பையில் இருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். பச்சை ரெக்ஸின் அட்டை. மூலை பூச்சி அரித்த பச்சை. அவருக்கு அது என்னவென்று அட்டையைத் திறக்காமலே தெரிந்தது. மின்விசிறியின் டக் மட்டும் கேட்டது.

அந்தப் பச்சை அட்டையை அவர் கடைசியாகப் பார்த்தது துறைத் தலைவர் அறையில், மழைக்குப் பதினோரு மாதம் கழித்து. ரத்தக் காகிதங்கள் வெளியூர் ஆய்வகத்துக்குப் போய் முடிவு வந்திருந்தது. உண்ணிக்கொக்கு என்று சீட்டு ஒட்டிய ரத்தம் எல்லாம் நடுத்தரக் கொக்குக்கும் நாரைக்கும் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. மங்கை சந்தோஷத்தில் குதித்தாள், தனிப் பேரினம் கிடையாது சார், ஒரே வீடு சார் என்றாள், ஆய்வேடு முழுக்க அதைத்தான் எழுதினாள். பரிசோதிக்க வந்த பெரிய மனுஷன் நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடிவைத்தான். இது கண்டுபிடிப்பு இல்லையம்மா, இது சாம்பிள் கலந்துபோனது, கொக்குக் குஞ்சை மாற்றி வைத்துவிட்டு உலகத்தையே மாற்றப் பார்க்கிறாய் என்றான். துறைத் தலைவர் கேட்டார், "லேபிள் எழுதினது யாரு?" அறையில் நாலு பேர். அவர் சொன்னார், "லேபிள் எல்லாம் அவங்கதான் எழுதினாங்க." பொய் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும் அதில் பொய் இல்லை, லேபிளை எழுதியது அவள்தான், அவள் கையெழுத்து, குண்டு குண்டாக. பொய்யே இல்லாமல் ஒரு ஆளை முடித்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மங்கை அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று இருந்தது, கேட்கவில்லை. "ஆமா சார், நான்தான் எழுதினேன்" என்றாள். பட்டம் வரவில்லை. இரண்டு மாதத்தில் ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டார். அந்த ஜூனில் அவருக்குப் பதவி உயர்வு. துறைக்கு வெள்ளையடித்தபோது ரத்தக் காகிதங்களைக் குப்பையில் கொட்டினார்கள், அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நம்ம கல்லூரி லைப்ரரியில பழைய அடுக்குல கிடந்துச்சு சார்" என்றாள் ஹமீதா, அட்டையைத் தடவிக்கொண்டே. "இவங்க இருபத்திரண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்காங்க. உண்ணிக்கொக்கு ஆர்டியாவுக்குள்ளதான்னு. நம்ம பக்கத்துக் கண்மாய்ப் பறவையை வச்சே சொல்லியிருக்காங்க. பட்டம் குடுக்கல. ஏன்னு எங்கேயும் எழுதல. நன்றியுரையில உங்க பேர் இருக்கு சார், களத்துல கூடவே இருந்தீங்கன்னு. சாம்பிள் எல்லாம் சரிதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, முன்னுரையில இவங்க பேரைப் போட்டு ஒரு வரி எழுதிடலாம். போன வாரம் நம்பர் தேடிப் பிடிச்சேன். சம்மதம் கேட்டு மெசேஜ் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல." வரதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம ஊர்ப் பொண்ணா? அப்ப போட்டே ஆகணுங்க" என்றார், சற்று முன்னால் அடித்த கூத்தையெல்லாம் மறந்துவிட்டு.

இப்போது பார், எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அருமைநாயகம் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், மூடினார். சரி என்று சொன்னால் அவள் பெயர் அச்சில் வரும். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு வரி, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டலாம். அவர் செய்த பாவத்துக்கு இதைவிடப் பெரிய பரிகாரம் யார் தரப்போகிறார்கள். ஆனால் அது பொய். கிளிப் அவிழ்ந்தது என்று உண்மையைச் சொன்னால் அவர் சுத்தம், அவள் மறுபடி குப்பை. உலகமே அவள் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்ட இந்த நேரத்தில், அவளுடைய சாட்சியம் மட்டும் செல்லாது என்று தானே கை காட்ட வேண்டும். அப்படியும் ஒரு சந்தேகம், ஒருவேளை அன்றைக்குக் கை போட்ட கணக்கு சரியாகவே விழுந்திருந்தால். கனமானது ரோஸ், லேசானது நீலம், அது ஏன் சரியாக இருக்கக் கூடாது. முடிவு சரியாகத்தானே வந்திருக்கிறது. கலந்திருந்தாலும் அதே முடிவுதான் வரும் என்று உள்ளே ஒருத்தன் உடனே சொன்னான், நீலச் சீட்டில் நடுத்தரக் கொக்கின் ரத்தம் இருந்தாலும் அது நாரைக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும், உண்ணிக்கொக்கே இருந்தாலும் அங்கேதான் நிற்கும், அந்தக் காலத்துச் சோதனைக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. இரண்டு வழியில் போனாலும் ஒரே வாசல். ரத்தத்தைக் கேட்டு ஒன்றும் ஆகாது. ஆனால் கேட்க இன்னொன்று இருக்கிறது, அதைப் பற்றி மட்டும் அவர் இத்தனை வருஷம் ஒருத்தரிடமும் வாய் திறந்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மங்கை காய்ச்சலில் கிடந்தாள், அவர் தனியாகக் கண்மாய்க்குப் போனார். தண்ணீரில் மரத்தடியில் மிதந்தது நாலு. ஒன்று முள்ளுக் கிளையின் கவையில் கழுத்து மாட்டித் தொங்கியது. தலை சுற்றச் சுற்ற ஏணியில் ஏறிப் பார்த்ததில் இரண்டு கூட்டுக்குள்ளேயே, அது அதன் கூடுதானோ என்னவோ, பெரிய குஞ்சு மிதித்துத் தட்டையாக. எல்லாக் காலிலும் மங்கை குறித்து வைத்த நகப்பூச்சுப் பொட்டு. மழையில் கொக்குக் குஞ்சு சாகத்தான் செய்யும், எந்தக் கண்மாயிலும் சாகும், ஏழு ஒன்றும் அதிகம் இல்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. கரையில் குச்சியால் பள்ளம் தோண்டிப் புதைத்தார். பொட்டுத் தெரியாமல் புதைத்தார். திரும்பி வந்து மங்கையிடம், எல்லாம் நல்லா இருக்கு, வளர்ந்துட்டுது என்றார். அவள் போர்வைக்குள்ளிருந்து சிரித்தாள்.

"சார்?" என்றாள் ஹமீதா. அவர் நினைத்தது வேறு, நல்லதாக ஒன்றை, பெரிதாக ஒன்றைச் சொல்ல நினைத்தார், நாக்கோ பழகிய தடத்திலேயே போயிற்று. "லேபிள் எல்லாம் அவங்கதான் எழுதினாங்க" என்றார். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதே வாக்கியம். ஒரு எழுத்து கூடக் குறைய இல்லாமல், அன்றைக்கு அவளைக் கவிழ்த்த அதே வாக்கியம், இன்றைக்கு எல்லோருக்கும் பூ வைத்த மாதிரி இருந்தது. வரதன் மேஜையைத் தட்டினார். துரைசிங்கம், "அப்ப என்ன, எழுதிடுங்கம்மா, முதன்முதலில் நம் பகுதியில் இருந்தே இக்கருத்தை முன்வைத்தவர்னு ஒரு வரி" என்று கடிகாரத்தைத் திருப்பினார். ஹமீதா எழுதினாள். அவள் எழுதுவதைத் தலைகீழாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார், மங்கையர்க்கரசி என்ற பெயர் தலைகீழாக, மெய்யாகவே, மையில். நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் நன்றாக இருந்தது. இப்படியே முடிந்துவிடட்டும், சாப்பாட்டுக்குப் போய்விடலாம், பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம், கர்த்தர் கண்ணை மூடிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் மேஜையில் ஹமீதாவின் போன் நடுங்கியது. அந்த நடுக்கம் மரத்தின் வழியாக அவர் முழங்கைக்கு வந்தது.

"மேடம்தான்" என்று முகம் மலர எடுத்தாள். சத்தமாகவே வாசித்தாள், மலர்ந்த முகத்தோடு ஆரம்பித்து வாசிக்க வாசிக்க மெதுவானாள். "'தேடிக் கண்டுபிடிச்சதுக்கு நன்றிம்மா. லேபிள் எழுதினது நான்தான். கிளிப்புல இருந்ததைப் பார்த்து எழுதினேன். அன்னைக்கு மழையில ஏணி மேல இருந்து திரும்பிப் பார்த்தேன். கிளிப் எல்லாம் தார்ப்பாயில இருந்துச்சு. இறங்கி வந்து சாரைக் கேட்டேன், சரியா இருக்குன்னார். நம்பினேன். அது சரியா மாட்டினதான்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் சரின்னு சொன்னா என் பேரைப் போடுங்க. தெரியாதுன்னு சொன்னா போட வேண்டாம்.'" அவ்வளவுதான் மெசேஜ். பார்த்திருக்கிறாள். ஏணி உச்சியில் இருந்து பார்த்திருக்கிறாள். துறைத் தலைவர் அறையில் அவரைத் திரும்பிப் பார்த்தபோது இதுதான் அவள் வாயில் இருந்தது, அதை விழுங்கிவிட்டு நான்தான் எழுதினேன் என்றாள். அவர் சொல்வார் என்று ஒரு நிமிஷம் கொடுத்திருக்கிறாள். அந்த ஒரு நிமிஷத்தை அவர் இருபத்திரண்டு வருஷமாக இழுத்திருக்கிறார். அருமைநாயகம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், யார் முகத்திலும் குற்றம் சாட்டும் பார்வை இல்லை, வெறுமனே பதிலுக்குக் காத்திருக்கும் முகங்கள்.

"கிளிப்பை நான்தான் எடுத்தேன்" என்றார். "நோட்டு நனையாம இருக்க எடுத்தேன். திரும்ப மாட்டினது குத்துமதிப்பா. எது எதுன்னு எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டார். இடி விழும் என்று இருந்தார். மின்விசிறி டக் என்றது. துரைசிங்கம் மோவாயைத் தடவினார். "ரொம்ப வருஷம் ஆச்சு சார், விடுங்க. களத்துல இதெல்லாம் நடக்குறதுதான்" என்றார், பிரியமாகவே சொன்னார். பிறகு ஹமீதாவிடம், "அப்ப அந்த வரி வேண்டாம்மா, எடுத்துடுங்க. அடுத்தது என்ன?" என்றார். வரதன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். ஹமீதா ஒரு முறை அவரைப் பார்த்தாள், பேனாவை எடுத்தாள், அந்த வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். அடித்த கோட்டுக்கு அடியிலும் பெயர் தெரிந்தது, அதனால் இன்னொரு கோடு இழுத்தாள். இருபத்திரண்டு வருஷம் பயந்த பயம், சொல்லி முடித்ததும் யாரும் அவரை ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் அவளுக்குத்தான்.

ஒன்பதாவது விஷயம் மடையான். அதில் பேச ஒன்றும் இல்லை, பேர் மாறவில்லை. ஹமீதா மேஜைக்கு அடியில் போனில் தட்டிக்கொண்டிருந்தாள், அவர் சொன்னதை அங்கே சொல்கிறாள் என்று தெரிந்தது. பதில் உடனே வந்தது. அவள் படித்துவிட்டு, எழுந்து வந்து, அவர் காதோரம் குனிந்தாள். "உங்களுக்குத்தான் சார். 'சொன்னதுக்கு நன்றின்னு சொல்லுங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு. அடுத்த வாரம் நான் காய்ச்சல்ல கிடந்தேன். குஞ்செல்லாம் நல்லா இருக்கு, வளர்ந்துட்டுதுன்னு வந்து சொன்னார். அது நெஜமான்னு கேளுங்க.'" ஹமீதா காத்திருந்தாள், இரண்டு கட்டைவிரலும் போனின் மேல் தயாராக. "என்ன சார் எழுத?" மழையில் சாகத்தான் செய்யும் என்று எழுதலாம். ஞாபகம் இல்லை என்று எழுதலாம், வயசானவன் சொன்னால் நம்புவார்கள். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஒரு பையின் கனம் இருந்தது, லேசான கனம், நீலமா ரோஸா என்று சொல்ல முடியாத கனம்.

"ஏழு செத்துப்போச்சுன்னு எழுதும்மா" என்றார்.

அவள் எழுதினாள், அனுப்பினாள், போனை அவர் முன்னால் மேஜையிலேயே வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அந்தப் பக்கம் மங்கை படித்துவிட்டாள் என்பதற்கு இரண்டு டிக் கோடும் நீலமாயிற்று. மடையானை முடித்தார்கள், இராக்கொக்கை முடித்தார்கள், நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் சாப்பிட எழுந்தார்கள், துரைசிங்கம் தோளைத் தொட்டு வாங்க சார் என்றார். அருமைநாயகம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் ஒன்றும் வரவில்லை.